வேலூர்ப் பட்டறையில் பழைய கடல் பந்தயப் படகு: எந்தக் குறைக்கு எங்கே கை வைப்பது

காட்பாடியிலிருந்து சென்னை ஏறக்குறைய 130 கிலோமீட்டர். இங்கே ஒரு பட்டறையில் பழைய கடல் பந்தயப் படகு முட்டுக் கொடுத்து நிற்பதைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, இதை ஏன் இவ்வளவு தூரம் இழுத்து வந்தீர்கள் என்றுதான். ராணிப்பேட்டைப் பக்கம் நல்ல லேத்காரர்களும் வெல்டர்களும் இருக்கிறார்கள். இருக்கைக்குத் தோல் தைக்க ஆம்பூரில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். உப்புக்காற்று கிடையாது, பிரித்துப்போட்ட இரும்பு மறுநாள் காலையிலேயே துருப்பிடித்து நிற்காது. இவ்வளவும் வசதி. ஆனால் கத்திரி வெயில் ஒன்று இருக்கிறதே, அது படகுக்குப் பகை. அதனால் எந்தக் குறை கண்ணில் பட்டாலும் எங்கள் பட்டறையில் முதல் கேள்வி ஒன்றுதான்: இது படகின் குறையா, படகு நிற்கிற இடத்தின் குறையா?

இந்தப் படகுகளில் காப்பாற்ற வேண்டியது எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1960-ல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவின் நசாவ் நகருக்கு நடந்த பந்தயத்தில், ரே ஹன்ட் வரைந்த 'மோப்பி' என்ற மரப்படகில் டிக் பெர்ட்ராமின் குழு கொந்தளிப்பான கடலில் ஜெயித்தது. அதன் அடிப்பாகம் அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பின்பக்கம் வரை ஆழமான 'வி' வடிவம். பின்முனையிலும் சரிவு சுமார் 24 டிகிரி. அதுவரை வேகப் படகு என்றால் பின்பக்கம் தட்டையாகத்தான் இருக்கும். மறு வருஷம், 1961-ல், இங்கிலாந்தில் மேக்ஸ் எயிட்கன் கௌஸ்–டார்க்கி பந்தயத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்துப் பெரிய வடிவமைப்பாளர்களில் ஒருவரான சானி லீவி கராச்சியில் பிறந்தவர். பம்பாயில் படகு கட்டிப் பழகியவர். ஆக இந்தப் படகின் சரித்திரமே அதன் அடிப்பாகத்தில்தான் எழுதியிருக்கிறது. இஞ்சினை மாற்றலாம், பெயின்டைத் திரும்ப அடிக்கலாம். அடிப்பாகத்தின் கோட்டைக் கெடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது அதே பெயருள்ள வேறு படகு.

படகு வந்து இறங்கியதும் ஒரு வாரம் எதையும் கழற்றாதீர்கள். எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஒயரும் குழாயும் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் வரைந்து வையுங்கள். பக்கத்தில் ஈரப்பத மீட்டர் ஒன்றை மாட்டிக் காலையும் மாலையும் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு பாதி சந்தேகத்தை அந்த நோட்டுதான் தீர்த்துவைக்கும்.

பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது

எங்களிடம் வந்த முதல் மரப்படகில் சித்திரை மாதம் உள்ளே உட்கார்ந்து பார்த்தால், பலகைக்குப் பலகை கோடு கோடாக வெயில் விழுந்தது. சில இடங்களில் ஏடிஎம் கார்டே நுழைந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதற்கு முன்னால் வேறொரு பட்டறை இதே படகின் ஒரு பக்கத்தில் இடைவெளிகளுக்கெல்லாம் எபாக்சி மக்கை (காய்ந்தால் கல்லாய் இறுகும் பசைப் பூச்சு) அடைத்திருந்தது. அந்தப் பக்கத்தில்தான் நாலு வங்குக்கட்டைகள் (பலகைகளைத் தாங்கும் விலா எலும்பு போன்ற கட்டைகள்) விரிந்து கிடந்தன.

காரணம் சாதாரணக் கணக்கு. கடலோரத்தில் நிற்கும் மரத்தில் ஈரம் சுமார் 14 சதவீதம் இருக்கும். வேலூர்க் கோடையில் அது 7, 8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மஹோகனி போன்ற மரத்தில் 150 மி.மீ. அகலப் பலகை இந்த வித்தியாசத்துக்கே ஒரு மி.மீ.யைத் தாண்டிச் சுருங்கும். பத்துப் பலகைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சென்டிமீட்டருக்கு மேல். பலகை எங்கேயும் போய்விடவில்லை, காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். காய்ந்த நிலையில் இடைவெளியைக் கெட்டியான மக்கால் அடைத்தால், தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதும். ஊதுவதற்கு இடம் இல்லாமல் வங்குக்கட்டையைத் தள்ளும், திருகாணியைப் பிடுங்கும். அந்த நாலு கட்டைகளும் விரிந்தது இப்படித்தான்.

மரக்காணம் பக்கம் பல வருஷம் வள்ளம் கட்டிவிட்டு வந்த ஆசாரி ஒருவர் எங்களிடம் இருக்கிறார். நான் எபாக்சி டப்பாவைத் திறக்கப் போனபோது, "அண்ணே, இன்னா அவசரம்? பலகைக்குத் தண்ணி காட்டுங்க, அது பாட்டுக்கு ஊதிக்கும்" என்றார். அவர் சொன்னபடி செய்தோம். படகுக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல். நாலு பக்கமும் தார்ப்பாய். உள்ளே அடிவயிற்றில் நனைத்த கோணிச் சாக்குகளைப் பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். வெளிப்பக்கம் தரையில் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் வைத்தோம். ஒரே நாளில் பைப்பைப் பிடித்து அடிக்கக் கூடாது. பலகையின் ஒரு முகம் மட்டும் சட்டென நனைந்தால் அது குவியும், ஓரம் பிளக்கும். ஏழு வாரத்தில் கார்டு நுழைந்த இடத்தில் காகிதம்கூட நுழையவில்லை. மூடாமல் நின்றவை மொத்தம் மூன்றே இடைவெளிகள். உண்மையான வேலை அந்த மூன்றில்தான்; அங்கே மட்டும் பழைய பஞ்சுத் திரியை எடுத்துவிட்டு, இளகும் தன்மையுள்ள மக்கோடு புதிதாகக் கலப்பத்து பார்த்தோம், அதாவது திரியை அடைத்து இடைவெளியை மூடினோம்.

ஒரு எச்சரிக்கை. மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டிக் கட்டிய படகுக்கு இந்த வைத்தியம் ஆகாது. அதில் இடைவெளியே வரக்கூடாது. வந்திருந்தால் பசை விட்டிருக்கிறது; சாக்கை நனைத்துப் போட்டால் கேடு கூடும்.

தட்டினால் சத்தம் மாறுகிறது

ஒட்டுத் தகட்டுப் படகை ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் கைவிரல் அகலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாகப் பேசும். விட்ட இடம் 'பொத்' என்று மங்கும். சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பசையின் நிறத்தையும் பாருங்கள்: ஓரத்தில் கருஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் அது 'ரிசார்சினால்' என்ற பசை, பெரும்பாலும் நிற்கும். வெளிறிய கோடு யூரியா வகைப் பசை. வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அது நொறுங்கும். தகரக் கூரைக்கு அடியில் ஒரு கோடை கிடந்தாலே போதும். தகரக் கூரையின் கீழ் இந்த வகைப் படகை வைக்கவே வைக்காதீர்கள்.

ஃபைபர் படகில் அதே 'பொத்' சத்தம் பெரும்பாலும் பின்பலகையில் கேட்கும். வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். இஞ்சின் பொருத்திய துளைகள் வழியாகப் பல வருஷம் தண்ணீர் இறங்கியிருக்கும். உள்பக்கத்திலிருந்து 4 மி.மீ. துளை ஒன்று போட்டு வருகிற தூளை உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். வெளிறிய காய்ந்த தூள் என்றால் தப்பித்தீர்கள். கறுப்பாக, தேயிலைச் சக்கை மாதிரி ஈரமாக வந்து, மழைக்கால மக்கல் வாடை அடித்தால் அந்தப் பிளைவுட் போய்விட்டது. மாற்றும்போது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டே வாங்குங்கள். கடைக்காரர் ஐ.எஸ். 303 என்ற சாதாரண வகையைக் காட்டி இதுவும் தண்ணீருக்குத் தாங்கும் என்பார், கேட்காதீர்கள். வெளித்தோலை வெட்டாமல் உள்பக்கமாகவே பழைய மரத்தைச் சுரண்டி எடுங்கள். நேரம் மூன்று மடங்கு ஆகும். ஆனாலும் அச்சிலிருந்து வந்த அசல் வெளித்தோல் முழுசாக மிஞ்சும்.

அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இருந்தால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள். பிசுபிசுப்பான நீர் வந்து வினிகர் வாடை அடித்தால் ஃபைபருக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறது. கொப்புளத்தைத் தேய்த்துத் திறந்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, உலர விடுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் வேலூர் வெயில் வரம். மாசியில் திறந்துவிட்டால் ஆனிக்குள் மீட்டர் இறங்கிவிடும். ஐப்பசி மழையில் தொடங்கினால் தை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஓட்டினால் முன்முனை தண்ணீரை முட்டுகிறது, அல்லது குதிரை போலத் துள்ளுகிறது

இரண்டும் எதிரெதிர்க் குறைகள், தேட வேண்டிய இடம் ஒன்று: பின்பக்கத்துக் கடைசி இரண்டு மீட்டர் அடிப்பாகம். படகு வேகத்தில் ஏறி ஓடும்போது தண்ணீரைத் தொடுவது அந்த இடம் மட்டும்தான். அங்கே குழிவு இருந்தால் தண்ணீர் பின்பக்கத்தைத் தூக்கும், முன்முனை இறங்கும், வேகம் செத்துவிடும். புடைப்பு இருந்தால் பின்பக்கத்தை உறிஞ்சி இழுக்கும், முன்முனை எழும், விழும், எழும்.

இரண்டு மீட்டர் அலுமினிய ரூல் தடியை ஏராக்கட்டைக்கு (படகின் முதுகெலும்பு போன்ற நடுக்கட்டை) இணையாக, அடிப்பாகத்தில் ஒட்டி வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி விட்டால் குழிவு. தடி ஆடினால் புடைப்பு. இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஃபைபர் படகில் வலது பக்கம் 4 மி.மீ. குழிவு, இடது பக்கம் ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்திருந்தால் கட்டியவர் வேண்டுமென்றே வைத்தது என்று விட்டிருப்பேன். அப்படிச் செய்தவர்களும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் என்றால் அது பின்னாளில் வந்த கோணல்.

வந்த வழி கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பல வருஷம் இரண்டே கட்டைகள் மேல், அதுவும் ஒரு கட்டை இடம் மாறி, இஞ்சினோடு நின்றிருக்கிறது. பின்முனைக்கு அடியில் முட்டே இல்லை. முதலில் எடையைக் குறைத்தோம்: இஞ்சினை இறக்கினோம். பிறகு உள்ளே நீளக்கட்டைகள் ஓடும் கோட்டுக்கு நேர் கீழே நீளமான மெத்தைத் தாங்கிகளைக் கொடுத்து, பின்பலகைக்கு அடியில் முழு அகலத்துக்கும் முட்டு வைத்தோம். படகு மட்டமாக நிற்கிறதா என்று கொத்தனார் மேஸ்திரியின் தண்ணீர்க் குழாயையே வைத்துப் பார்த்தோம். நீளமான படகுக்கு அதைவிட நம்பிக்கையான கருவி இல்லை. கோடை வெப்பத்தில் ஃபைபர் மெதுவாக இளகிக் கொடுத்தது. ஐந்து மாதத்தில் 4 மி.மீ. ஒன்றரையாகக் குறைந்தது. முழுசாகத் திரும்பவில்லை. மிச்சத்தை மட்டும் எபாக்சி மக்கு போட்டு நீளப் பலகையில் உப்புக்காகிதம் ஒட்டித் தேய்த்து எடுத்தோம். வந்த அன்றே தேய்த்திருந்தால் 4 மி.மீ.க்கு மக்கு ஏற்றியிருப்போம். பிற்பாடு முட்டுகளைச் சரிசெய்ததும் அதே இடம் புடைப்பாக மாறியிருக்கும்.

வேகத்தில் இடதும் வலதுமாக உருள்கிறது என்றால் அடிப்பாகத்துக்குப் போகாதீர்கள். முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பழைய கேபிளில், கீல்களில் உள்ள தளர்வுதான் பத்துக்கு எட்டுத் தடவை காரணம்.

திருகாணித் தலை கையோடு வருகிறது

ஆசாரி ஒரு பலகையை விடுவிக்க ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினார். பலம் கொடுக்கவே இல்லை. தலை மட்டும் கழன்று உருண்டு தரையில் விழுந்தது. எடுத்துத் துணியில் தேய்த்துப் பார்த்தோம். பித்தளை மஞ்சளாக இருக்க வேண்டிய இடம் செங்கல் தூள் நிறத்தில், இளஞ்சிவப்பாக இருந்தது. நகத்தால் கீறினால் உதிர்ந்தது. உப்புத் தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, சல்லடை போலச் செம்பை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் திருகாணி முழுசாக இருக்கும். உள்ளே பலம் இருக்காது.

ஒன்று இப்படி வந்தால் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். மாற்றுவது சிலிக்கான் வெண்கலத் திருகாணியாக இருக்கட்டும். துருப்பிடிக்காத எஃகு பளபளவென்று இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள்: ஈர மரத்துக்குள் காற்றுப் படாத இடத்தில் அதுவும் குழி குழியாக அரிக்கும். பழைய துளையைப் பெரிதாக்காமல் அதே அளவு, அதே நீளம். எடுத்த திருகாணிகளை எந்தப் பலகையிலிருந்து வந்ததோ அதன் பெயரெழுதிய கவரில் போட்டு வையுங்கள்.

இஞ்சின் பகுதி

சாவியைப் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடிவயிற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். காரில் அது கீழே போய்க் கலைந்துவிடும், படகில் வெளியேற வழி இல்லை. அதனால்தான் படகுக்கான ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் தீப்பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை. கார்புரேட்டரும் அப்படித்தான், வழிந்தால் வெளியே சொட்டாமல் உள்ளேயே ஊற்றிக்கொள்ளும். கார் பாகம் அப்படியே பொருந்துகிறது, விலையும் கால்வாசி என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அடிவயிற்றுக் காற்றை வெளியே தள்ளும் ஊதியை (புளோவரை) நாலு நிமிஷமாவது ஓட்டிவிட்டு, மூக்கை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஸ்டார்ட்டர் 'டொக்' என்று இடித்து நின்றுவிட்டால் திரும்ப அழுத்தாதீர்கள். சைலன்சர் பக்கத்து வார்ப்பிரும்பு உப்பில் அரித்து, குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் வந்திருக்கலாம். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சினால் காரணம் தெரிந்துவிட்டது.

சூடேறினால் முதலில் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர். வருஷக்கணக்கில் சும்மா நின்றதில் இறகுகள் ஒரு பக்கமாக வளைந்து கெட்டிப்பட்டிருக்கும். புதியது போடும்போது பழையதன் இறகுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே எங்கேயோ குழாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூடினால் அடுத்த வாரமும் சூடேறும். பட்டறையில் ஓட்டிப் பார்க்க போர் தண்ணீரை விடாதீர்கள். நம் பக்கம் பல இடங்களில் அது உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும், குழாய்க்குள் படியும். நாங்கள் மழைநீர்த் தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

ஓடிவிட்டு நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், இங்கே மே மாதத்தில் அது பெரும்பாலும் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்ததுதான். மூடியைத் திறந்து ஆற விடுங்கள். அதற்காக இஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் நாளாக நாளாகத் தடுமாறி, வால்வுத் தண்டில் கறுப்பாகப் பிசின் படிந்திருந்தால் விஷயம் பெரிசு. டிக் பெர்ட்ராம் தொடங்கிய கம்பெனி கட்டிய அந்தக் காலப் படகுகள் சிலவற்றில் பெட்ரோல் டேங்கே ஃபைபரால் செய்தது. அமெரிக்காவில் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபோது அது டேங்கின் ரெசினைக் கரைத்து இஞ்சினுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஃபைபர் டேங்கைக் கழுவிக் காயவைத்து, அசல் பாகமாக அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஓட்டுவதற்குத் தனியாக அலுமினிய டேங்க் ஒன்று வையுங்கள். பழைய ரப்பர் குழாய்கள் அனைத்தும் மாற வேண்டும்.

எபாக்சி டப்பாவிலேயே புகைகிறது, பூசினால் குமிழி வருகிறது

பத்து டிகிரி ஏறினால் கலந்த எபாக்சி நிற்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். மெதுவாக இறுக வைக்கும் ஹார்டனர் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டு வேலை விடிகாலையில். ஆனால் மரத்தின் மேல் பூசும் வேலை சாயங்காலத்தில்தான். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளியே வரும். சாயங்காலம் மரம் ஆறும்போது பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பெயின்ட் உரிகிறது

முழுசாக உரித்துவிடலாம் என்று கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். பந்தய எண் எழுதும் இடங்களில், உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜன்னல் மட்டும், தண்ணீர்விட்டு 400, 800, 1200 நம்பர் காகிதங்களில் படிப்படியாகத் தேயுங்கள். தண்ணீர்விட்டே தேய்க்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், மாஸ்க் கட்டாயம். எங்கள் படகில் மேலே வெள்ளை, அதற்குக் கீழே சாம்பல் பிரைமர், பிறகு கடல்நீலம், பிறகு மெல்லிய வெள்ளை, அதற்கு மேல் கையால் வளைத்து இழுத்த ஒரு கறுப்புக் கோடு. அகலப்படுத்தினோம். 7-ன் கழுத்து. தூரிகை மயிர் ஓடிய தடம்கூட அப்படியே இருந்தது. அந்த இடத்தைப் புதிதாக எழுதவில்லை. வார்னிஷ் பூசிக் காப்பாற்றிவிட்டு, மறுபக்கத்தில் மட்டும் அதே அளவில் புதிய எண்ணை எழுதினோம்.

இருக்கைத் தையல் விட்டிருந்தாலும் இதே கதைதான். ஆம்பூரிலிருந்து வந்த பாய் பழைய உறையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஊசித்துளைகளை எண்ணினார். அங்குலத்துக்கு ஆறு. "அதே ஆறுதான் போடணும், தம்பி. எட்டு போட்டா இன்னிக்கி அழகா இருக்கும், தோல் துளை வழியா கிழிஞ்சிரும்" என்றார்.

தண்ணீரில் இறக்கியதும் உள்ளே தண்ணீர் வருகிறது

மரப்படகை வேலூரிலிருந்து சென்னைக்கு லாரியில் கொண்டுபோகும்போது ஈரச் சாக்கும் தார்ப்பாயும் கூடவே போக வேண்டும். வாலாஜா தாண்டுவதற்குள் காற்றே பலகையைக் காய்த்துவிடும். இறக்கும்போது கிரேன் பட்டையை அவிழ்க்காதீர்கள். தண்ணீரில் மிதக்கவிட்டு, பட்டையில் தொங்கலாகவே முதல் ராத்திரி நிற்கட்டும். இரண்டு பம்ப் வையுங்கள், ஒன்று பேட்டரியில் ஓடுவது, ஒன்று கரை மின்சாரத்தில் ஓடுவது. மணிக்கொருமுறை பம்ப் எவ்வளவு நேரம் ஓடியது என்று எழுதுங்கள்.

எங்களுக்கு முதல் இரவு மணிக்கு இருபது நிமிஷம் ஓடியது. மறுநாள் காலை ஒன்பது நிமிஷம். மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டே நிமிஷம். எண் இறங்கிக்கொண்டே இருந்தால் காத்திருங்கள். இரண்டு நாளாக ஒரே எண்ணில் நின்றால், டார்ச்சோடு உள்ளே இறங்கிக் கசியும் இடத்தில் மெழுகுக் குச்சியால் கோடு போட்டுவிட்டு, படகைத் திரும்பத் தூக்குங்கள். அந்தக் கோட்டில் மட்டும் கலப்பத்தைப் பிரித்துப் பாருங்கள்.